செத்த பிறகும் சேதி சொன்ன ரத்தினவேல்

எங்கள் தெருவுக்கு மூன்று செய்தித்தாள்கள் வருகின்றன. என் வீட்டுக்காரர் இருதயநாதன் மூன்றையும் வாங்கிப் படித்துவிட்டு, அதுவும் போதாமல் தொலைக்காட்சியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதையும் கேட்பார். எனக்கு இது எதுவும் தேவைப்பட்டதில்லை. காலையில் காய்கறி வண்டி ரத்தினவேல் வந்துவிடுவார். நாட்டில் என்ன நடக்கிறது, அதில் எவ்வளவு சொத்தை என்பதை அவரே சொல்லிவிடுவார்.

நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். முகம் மறந்துபோகும், குரல் மறக்காது. காலமெல்லாம் ஊரார் குரலைக் காதில் வாங்கியதாலோ என்னவோ, இப்போது சத்தம் என்றாலே எரிச்சல்தான். ஒலிபெருக்கி கட்டிய அந்த லோடு ஆட்டோ முதன்முதலாக எங்கள் காட்டூர்த் தெருவில் நுழைந்தபோது சண்டை போடுவதற்காகவே பால்கனிக்குப் போனேன்.

"தக்காளி வெலையப் பத்தி டிவியில நாலு பேரு உக்காந்து பேசுறாங்க. நாலு பேருமே கடைக்குப் போயி தக்காளி வாங்குறவங்க இல்ல. கேமரா புடிக்கிறவரு வாங்குவாரு. பாவம், அவர ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குறாங்க. கேமராக்கார அண்ணே, காட்டூர் பக்கம் வாங்க. நம்மகிட்ட எண்பது ரூபாதான்."

சிரித்துத் தொலைத்துவிட்டேன். சிரித்த பிறகு எப்படிச் சண்டை போடுவது? இறங்கிப் போய் எண்பது ரூபாய்க்குத் தக்காளி வாங்கினேன். பக்கத்துக் கடையில் எழுபத்தைந்து என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

ரத்தினவேல் ஒல்லியான மனிதர். நேரில் பார்த்தால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டார். பேச்செல்லாம் ஒலிபெருக்கியில்தான். விடியும் முன்னே காந்தி மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார். மனைவி வீரம்மாள் அடுப்படியில் இருக்க, வாசலில் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைய சேதியைப் பற்றித் தன் கருத்தைக் கைபேசியில் பேசிப் பதிவு செய்வார். அதைப் பென் டிரைவில் ஏற்றி வண்டியில் செருகிவிடுவார். தினம் ஒரு புதுப் பேச்சு. பழையதை அழிக்க அவருக்குத் தெரியாது. அதனால் எல்லாமே அதிலேயே கிடந்தன.

சினிமாவையும் விடமாட்டார். "பெரிய ஹீரோ படம் இன்னைக்கு ரிலீசு. மொத ஷோ டிக்கெட்டு ரெண்டாயிரமாம். படத்துல அவரு ஏழைங்களுக்காகப் போராடுறாராம். போராடட்டும். கத்திரிக்கா கிலோ நாப்பது." புயல் வந்தால், "எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் பேரு வைக்கவே எங்களுக்கு ஒரு மாசம் ஆச்சு. இவங்க புயல் பொறக்குறதுக்கு முன்னாடியே பேரு வெச்சுடுறாங்க. வருமோ வராதோ, சின்ன வெங்காயம் வாங்கி வெச்சுக்கங்க."

எந்தப் பேச்சும் முழுசாக முடிந்ததில்லை. ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவில் உள்ளேயிருந்து வீரம்மாளின் குரல் வரும்: "போதும் பேசுனது. சாப்புட வாங்க." உடனே பதிவு நின்றுவிடும். அந்தக் குரலுக்கு அவர் ஒருநாளும் மறுபேச்சுப் பேசியதில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த அதட்டலைக் கூடவே சொல்லும். வீரம்மாளுக்கு வெட்கம். வெட்டி எடுத்துவிடச் சொல்லிப் பலமுறை கேட்டாளாம். "நீ கூப்புடலேன்னா எனக்கு நிறுத்தத் தெரியாது" என்பாராம் அவர்.

போன ஆனி மாதம் வீரம்மாள் ஒரு காதுகுத்துக்காக மருங்காபுரியில் இருந்த தன் தம்பி பாலு வீட்டுக்குப் போயிருந்தாள். அன்றைக்கும் வண்டி வந்தது. கம்ப்யூட்டரே பேசுகிறதாம், பாடுகிறதாம் என்று ரத்தினவேல் கிண்டல் செய்துகொண்டிருந்தார். "கத்திரிக்காயில புழு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, அப்புறம் ஒத்துக்குறேன்." நாங்கள் ஐந்தாறு பெண்கள் கூடையும் கையுமாக நின்று சிரித்தோம். அப்புறம் பேச்சு தடுமாறியது. "வேற என்ன சேதி..." என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. "வேற என்ன... வேற என்ன சேதி..." மறுபடியும் மூச்சு.

கூப்பிட ஆள் இல்லாமல் வாசலில் உட்கார்ந்து காத்துக்கொண்டே பேசியிருக்கிறார் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரமானது. அதற்குள் அந்தப் பதிவு மூன்று முறை சுற்றி வந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கைபேசி பார்க்கிறார் என்று நினைத்தோம். கீரைக்கட்டு என்ன விலை என்று கேட்டவளுக்குப் பதில் வராததால் அவர் தோளைத் தொட்டாள். உடம்பு சாய்ந்தது. மேலே ஒலிபெருக்கியில் அவர் "வேற என்ன சேதி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே இருந்ததால், அவர் செத்துப்போனது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

அன்று காலை அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. வீரம்மாள் வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடியே இருந்தது. அவள் அழுததெல்லாம் அந்தச் சோற்றுப் பானையைப் பார்த்துத்தான்.

வண்டியை பாலு எடுத்துக்கொண்டான். மருங்காபுரியில் மழையை நம்பிய காடு. மழை இவனை நம்பவில்லை. நல்ல உழைப்பாளி, ஆனால் வாய் கிடையாது. முதல் வாரம் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு, மாமாவின் பென் டிரைவையே செருகிவிட்டான். அது தன்னிஷ்டத்துக்கு எதையாவது எடுத்துப் போடும்.

எனக்குக் கோபம் வந்தது. செத்தவர் குரலை வைத்துப் பிழைப்பா என்று கேட்டுவிடத்தான் இறங்கிப் போனேன். ஆனால் அன்றைக்குப் புயல் எச்சரிக்கை, ஒலிபெருக்கியில் புயல் பேச்சு. பொங்கலுக்குப் பெரிய ஹீரோ படம் வந்தது, "போராடட்டும்" என்றார். தங்கம் ஏறியது, முருங்கைக்காயோடு ஒப்பிட்டார். தேர்தல் பேச்சு தொடங்கியதும், வீடு தேடி வந்து கும்பிடுகிறவர்களைப் பற்றிய பழைய நையாண்டி வந்தது. ஒரு வார்த்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. நாட்டில் புதிதாக எதுவும் நடக்காததால், செத்த மனிதர் எல்லாவற்றையும் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தார். தெருவே மெச்சியது. நானும்தான்.

பிறகு ஒருநாள், காய் வேண்டாம் என்று முடிவு செய்து பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "மாடியில துணி காயப்போடுற அக்கா, ஒரு நாளு வாங்கலேன்னா வாழக்கா அழுவாது, ரத்தினவேலு அழுவான்" என்றது ஒலிபெருக்கி. கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றேன். அது எப்போதோ என்னை நினைத்துச் சொன்ன பேச்சாக இருக்கும். நானும் தினம் அங்கேதான் துணி போடுகிறேன், பொருந்தத்தானே செய்யும்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் படியிறங்கிப் போய் வாழைக்காய் வாங்கினேன்.

தை மாதம் பாலு ஒரு வேலை செய்தான். "சாப்புட வாங்க" என்ற அக்காவின் குரல் வரும்போதெல்லாம் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதி வியாபாரத்தில் போய்விடுகிறார்கள் என்பது அவன் குறை. பாலக்கரையில் ஒரு மொபைல் கடையில் கொடுத்து, எல்லாப் பதிவிலிருந்தும் அந்தக் கடைசி வரியை வெட்டி எடுத்துவிட்டான்.

அதன் பிறகு அந்தக் குரல் நிற்கவில்லை. தக்காளியைப் பற்றிய பாதி வாக்கியம் புயலில் போய் விழும். புயல் முடியாமலே சினிமா தொடங்கும். தெருவைக் கடந்து, வாய்க்காலைத் தாண்டி, மதிய வெயிலில் எங்கோ பேசிக்கொண்டே போகும். யாரும் இப்போது சிரிப்பதில்லை. பதிவான குரல் களைக்காது, எனக்குத் தெரியும். குரல் கேட்பதுதான் என் தொழிலாக இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரல் களைத்துப் போயிருந்தது. வெறும் வயிற்றோடு பேசுகிறவன் குரலின் அடியில் ஒரு காற்று ஓடும். அது எனக்குக் கேட்டது.

எனக்கு முன்பே வீரம்மாளுக்குக் கேட்டிருக்கிறது. தை அமாவாசைக்குப் படைத்துவிட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்தாளாம். காக்கை சுற்றிச் சுற்றிப் பறந்ததே தவிரத் தொடவில்லை. மாசியிலும் அப்படியே, பங்குனியிலும் அப்படியே. வைகாசியில் என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அவரு பசியோட சுத்துறாரு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல வீரம்மா. காக்காய்க்கு வேற எடத்துல பிரியாணி கெடச்சிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "அன்னைக்கும் நான் கூப்புடல. இப்பவும் யாரும் கூப்புடல. வெயில்ல கத்திக்கிட்டே போறாரு. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுக்கா."

"அப்ப பாலுகிட்டச் சொல்லி அத நிறுத்து."

"நிறுத்துனா அப்புறம் அவரு கொரல எங்க போயிக் கேப்பேன்? வியாபாரமும் அதுலதானே ஓடுது?" முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "வர்ற மாசம் வருஷத் திதி. அம்மா மண்டபத்துல குடுக்கப் போறோம். அங்கயும் காக்கா எடுக்கலேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்? நீங்க கூட வாங்க."

எங்கள் வீட்டில் கல்லறைத் திருநாளுக்குப் பூ வைப்போம், மெழுகுவத்தி ஏற்றுவோம். இறந்தவர்கள் வந்து சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை, அதனால் ஏமாற்றமும் இல்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. வருகிறேன் என்றேன்.

லோடு ஆட்டோவின் முன்பக்கம் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்து காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் போனோம். பின்னால் காய்கறி. போகிற இடத்தில் வியாபாரத்தையும் பார்க்கலாம் என்பது பாலுவின் கணக்கு. மண்டபத்துக்கு வெளியே ரோட்டோரம் வண்டியை நிறுத்தி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, அங்கேயே தங்கிவிட்டான்.

படித்துறையில் எள்ளும் தர்ப்பையுமாக வரிசையாகக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. பிள்ளை இல்லாததால் வீரம்மாளே உட்கார்ந்தாள். "இப்போல்லாம் ஸ்திரீகளும் பண்றா, ஒக்காருங்கோ" என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டார். மந்திரத்தை அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். பிண்டத்தை ஆற்றில் கரைத்தாள். கடைசியாக ஓர் உருண்டையைக் காக்கைக்கென்று படித்துறைச் சுவரில் இலையோடு வைத்தாள்.

அம்மா மண்டபத்தில் காக்கைக்கா பஞ்சம்? அங்கே அவற்றுக்கு உத்தியோகமே அதுதான். பக்கத்துக் குடும்பத்தின் உருண்டை வைத்த கையோடு போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. வீரம்மாள் வைத்த உருண்டைக்கு எதிரே சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. சோற்றைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி ரோட்டுப் பக்கம் பார்த்தபடி அசையாமல் இருந்தது.

"கூப்பிடுங்கோம்மா" என்றார் சாஸ்திரிகள்.

"கா... கா..." என்றாள் வீரம்மாள். குரல் எழும்பவில்லை. காக்கை திரும்பவில்லை. சாஸ்திரிகள் அடுத்த குடும்பத்துக்கு இலை போடப் போய்விட்டார். இவள் நனைந்த புடவையோடு நடுங்கிக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் ரோட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பேச்சு என் காதில் ஏறியது. கத்திரிக்காயில் புழு இருக்கிறதா என்று கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றது. அந்தப் பேச்சை ஒரே ஒரு நாள்தான் கேட்டிருக்கிறேன். ஓராண்டாக அது திரும்பி வரவே இல்லை.

"வேற என்ன சேதி..." என்றது குரல். மூச்சு. "வேற என்ன..."

வீரம்மாள் அதற்குமுன் அந்தப் பேச்சைக் கேட்டதே இல்லை. ஆனால் கேட்டவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. நடுக்கம் நின்றது. ரோட்டுப் பக்கம் திரும்பினாள். கும்பிடவில்லை, அழவில்லை. அடுப்படியிலிருந்து அதட்டுகிற அதே குரலில், படித்துறை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்:

"போதும் பேசுனது. சாப்புட வாங்க."

"வேற..." என்ற ஒலிபெருக்கி அந்த வார்த்தையிலேயே நின்றது. காக்கை இறங்கிச் சோற்றில் அலகை வைத்தது.

வயர் எங்காவது விட்டுப்போயிருக்கும், ஆட்டோவில் இது சகஜம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாலு பென் டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நான் ஆஃப் பண்ணல. தானா நின்னுடுச்சு. லைட்டெல்லாம் எரியுது, கொரல் மட்டும் வரல. தொடச்சு மறுபடியும் போட்டுப் பாக்கவா?"

வீரம்மாள் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காக்கை தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தது.

"கொஞ்சம் சும்மா இருடா" என்றாள். "மாமா சாப்புடுறாரு."