ராமன் விடாத கை

பேய், பிசாசுன்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளுங்க நானு. இப்பவும் அப்படித்தான். இதக் கேட்டுட்டு நீங்க சிரிச்சாலும் எனக்கு வருத்தமில்லீங்க, வேற ஒருத்தர் சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். ஆனா இது நடந்துச்சு. பட்டப்பகல்ல, என் கைக்குள்ளயே நடந்துச்சு.

மேட்டூர்ல அணை கட்டறதுக்கு முந்திங்க. செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்துல அநாதைப் பசங்களுக்குன்னு ஒரு விடுதி இருந்துச்சு. வார புள்ளைங்கள விசாரிச்சுச் சேத்துக்கறதும், அப்பறம் அதுகளுக்கு ஒரு போக்கிடம் பாத்து அனுப்பறதும் அங்க என் வேலை. போலீஸ்காரர் கூட்டியாருவார், ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புவாங்க, ஊரு மணியக்காரர் மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு வருவார். சொந்தம் யாராச்சும் இருக்காங்களா, மாமன் ஊட்டுல விடலாமா, வளக்கக் கேக்கறவங்களுக்குக் குடுக்கலாமா, இல்ல இங்கயே வெச்சுக்கறதான்னு நாந்தான் அலையோணும். அழுகற புள்ளையச் சமாளிச்சுக்கலாமுங்க. அழுகாம வந்து நிக்கறதுகளத்தான் நான் ரெண்டு நாளைக்குக் கண்ணு வெச்சுப் பாத்துக்குவேன்.

ராமனும் அவன் தங்கச்சி பாவாயியும் அப்படித்தான் வந்தாங்க, சேந்தமங்கலத்துப் பக்கமிருந்து. வாந்திபேதியில அப்பனும் ஆத்தாளும் ஒரே நாள்ல போயிட்டாங்க. பையனுக்கு எட்டு வயசு இருக்கும், புள்ளைக்கு அஞ்சு. அவன் அவ கையப் புடிச்சபடியே வண்டிய விட்டு எறங்குனான். ஆனா அவனுக்கு அனலாக் காய்ச்சல் அடிச்சுது, வந்த அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரியில சேத்துட்டோம்.

எங்களுது பசங்க விடுதி, பொம்பளப் புள்ளைய வெச்சுக்க எடமில்ல. குமாரபாளையத்துல அங்கமுத்துன்னு ஒரு நெசவுக்காரரு, அவரு சம்சாரம் நல்லம்மா, குழந்தை இல்லாதவங்க, பொம்பளப் புள்ளையாத்தான் வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நல்ல மனுசங்க. ராமன் ஆஸ்பத்திரியில கெடக்கறப்பவே அவங்க வந்து பாவாயியக் கூட்டிட்டுப் போனாங்க. ராமன் அவங்களப் பாத்ததே இல்ல, இத ஞாபகத்துல வெச்சுக்கோங்க. அவன் தேறி வந்ததும், "உன் தங்கச்சி நல்ல ஊட்டுல இருக்குது சாமி"ன்னு மட்டும் சொன்னேன். எந்த ஊரு, யாரு ஊடுன்னு சொல்லல.

அது ஆடி மாசம். மத்தியானம் பசங்களுக்குக் களி போட்டுக்கிட்டு இருக்காங்க, ராமன் திடீர்னு எந்திரிச்சான். ரெண்டு கையையும் முன்னால நீட்டி இறுக்கி மூடிக்கிட்டு, கெணத்துல கவுத்த இழுக்கற மாதிரி பின்னால சாஞ்சு நின்னான். குதிகாலு மண்ணுத் தரையில பதியுது, கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்கிச்சு. கூப்புட்டாத் திரும்பல. பசங்க தட்ட வெச்சுட்டு ஓரத்துக்கு ஓடிட்டாங்க.

எங்க கம்பவுண்டர் பெருமாள் ஓடியாந்தாரு, தங்கமான மனுசன். பாத்த உடனே, "வலிப்புங்க, இப்படியே உட்டா நாக்கக் கடிச்சுக்குவான், கையத் தொறந்து உடோணும்"னாரு. எண்ணெயத் தடவி, இடது கை வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சாரு. கடைசி வெரலு பிரிஞ்சதும் பையன் இத்தன நேரம் இல்லாம வாயத் தொறந்தான்.

"ஒண்ணு போயிருச்சு"ன்னான். அவ்வளவுதான். கத்தல, அழுகல.

பெருமாள் வலது கைக்குப் போனாரு. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. "வேண்டாமுங்க, அத உட்டுருங்க"ன்னேன். "ஏனுங்க?"ன்னாரு. நான் அவரு கையத் தள்ளி உட்டேன். பையன் முன்னால சரிய ஆரம்பிச்சான், நான் பின்னால போயி அவன் இடுப்பக் கட்டிப் புடிச்சேன்.

இதத்தான் நீங்க நம்ப மாட்டீங்க. அவன் எடை எவ்வளவு இருக்கும், ஒரு கோழிக்குஞ்சு மாதிரிப் பையன். ஆனா அவனப் புடிச்ச என்னைய எதுவோ இழுத்துச்சு. விட்டு விட்டு இழுக்குது, வெள்ளத்துல மாட்டுன மரக்கிளை மாதிரி. என் காலு தரையில தேயுது. முன்னால வெறும் செவுருங்க, வேற ஒண்ணுமே இல்ல. நான் ஒருத்தன் பத்தாம சமையக்காரரும் வந்து என்னையப் புடிச்சாரு. எவ்வளவு நேரமுன்னு சொல்லத் தெரியல. சட்டுனு இழுப்பு விட்டுப் போச்சு, மூணு பேரும் மல்லாக்க விழுந்தோம். ராமனோட வலது கை தானா விரிஞ்சுச்சு. உள்ள ஒண்ணுமில்ல. அப்படியே தூங்கிட்டான்.

மறுநாள் குமாரபாளையத்துல இருந்து ஆள் வந்துச்சு. முந்தின நாள் மத்தியானம், சாயம் போட்ட நூல அலசறதுக்கு நல்லம்மா காவேரிக்குப் போயிருக்கு, பாவாயியும் கூடப் போயிருக்குது. மேக்க எங்கயோ பேஞ்ச மழைத் தண்ணி திடீர்னு ஏறி, ரெண்டு பேரையும் அடிச்சுட்டுப் போயிருச்சாம். நான் போறதுக்குள்ள நல்லம்மாள எடுத்து அடக்கம் பண்ணிட்டாங்க. பாவாயி மட்டும் ஒரு பாறை மேல கெடந்து பொழச்சுருச்சு.

பாவாயி பக்கத்துல குத்தவெச்சு, "எப்படி சாமி கரையேறுன?"ன்னு கேட்டேன்.

"அண்ணன் புடிச்சுக்கிட்டான். அம்மாளயும் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். அப்பறம் அம்மாள உட்டுட்டான்."

அங்கமுத்து எம் மூஞ்சியவே பாக்கல. "இந்தப் புள்ளையப் பாக்கறப்பவெல்லாம் அவதான் கண்ணு முன்னால வாரா. நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க"ன்னாரு. குடுத்த கையாலயே திரும்ப வாங்கிட்டு வந்தேன். அந்த வேலையில அது மாதிரி ஒரு நாள் எனக்கு வந்ததில்ல.

ரெண்டையும் ஒரே எடத்துல விட்டாத்தான் ஆச்சுன்னு ஒத்தக் கால்ல நின்னு, ராசிபுரத்துப் பக்கம் ஒரு பண்ணையக்காரர் ஊட்டுல சேத்தேன். நல்லாத்தான் வளந்தாங்க. அங்க கொண்டு போயி விடறப்ப வண்டியில ராமன் எங்கிட்டக் கேட்டான்.

"தேளு பச்சை குத்துன கைங்க. இடது கையில அதத்தான் புடிச்சிருந்தேன். அந்தம்மா என்னயத் திட்டுச்சுங்களா?"

இல்ல சாமின்னேன்.

ரொம்ப நாள் கழிச்சு, செவ்வாய்ப்பேட்டையில ஒரு நூல் கடை வாசல்ல அங்கமுத்துவப் பாத்தேன். பேச்சோட பேச்சாக் கேட்டுட்டேன், நல்லம்மா கையில பச்சை ஏதாச்சும் உண்டுங்களான்னு. "மணிக்கட்டுக்கு மேல ஒரு தேளு. வெக்கப்பட்டுக்கிட்டு எப்பவும் முந்தானையில மூடிக்குவா. உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"னாரு. நூல் வெல எப்படிங்கன்னு பேச்ச மாத்திட்டு வந்துட்டேன்.

பெருமாள் கிட்ட இதுல ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. சாகற வரைக்கும் அவரு புது ஆளுங்க யாரு வந்தாலும் அந்தக் கதையச் சொல்வாரு, இடது கை வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் காட்டி, நேரத்துக்குத் தொறந்து உட்டதாலதான் அந்தப் பையன் பொழச்சான்னு. நானும் கூட நின்னு ஆமாங்க, ஆமாங்கன்னு தலையாட்டுவேன்.