கோடு மூன்று தப்படி உள்ளே வந்தபோது

ஒருவர் பன்னிரண்டு வருஷம் செய்த வேலையை எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவரை மட்டும் போகவிடாமல் வைத்துக்கொண்டால், அங்கே மிச்சமிருப்பவர் யார்? அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கால்பந்து அணியில் வலது விங்கராக ஆடியவருடைய வாழ்க்கை இந்தக் கேள்வியில் வந்து நின்றது. அவர் அதை யாரிடமும் கேட்டதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட விசாரிக்காமல் நிறுத்தத்தில் நிற்கிற ஆள் அவர்.

அணியில் அவருக்குச் சுண்ணாம்பு என்று பெயர். ஆட்டம் முடியும்போது அவருடைய வலது பூட்ஸ் மட்டும் வெளுத்திருக்கும். தொண்ணூறு நிமிஷமும் பக்கக்கோட்டை ஒட்டியேதான் ஓடுவார். அந்தக் கோட்டைப் போடுகிறவரும் அவர்தான். ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு முளையடித்து, கயிறு இழுத்துக் கட்டி, சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார்.

"தான் ஓடுற ரோட்டைத் தானே போட்டுக்கிற ஒரே ஆளு இவன்தான்யா" என்பார் ஏணி.

ஏணி, அணியின் நடு முன்கள ஆட்டக்காரர். ஆறடி நான்கு அங்குலம். கால் சுமார்தான், தலை நல்ல தலை. சுண்ணாம்பு கோட்டோரமாகப் பந்தை உருட்டிக்கொண்டு மூலைக்கொடி வரை போய், வலது காலால் கோல் முகத்துக்குத் தூக்கி ஒரு கிராஸ் அடிப்பார். அங்கே ஏணியின் தலை இருக்கும். ஒன்பது வருஷமாக அந்த அணியின் ஆட்டம் என்பது ஏறக்குறைய இவ்வளவுதான். பெரிய ஆட்டம் என்று சொல்ல முடியாது. பத்து முறை அடித்தால் ஏழு முறை வீணாகும். மிச்சம் மூன்றுக்காக ஆட்கள் சம்பள நாள் போல முகத்தை வைத்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார்கள்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. அணியின் பதினைந்து பேர் பட்டியலில் இருப்பவர்களுக்கு மதியம் வரைதான் வேலை, அதுவும் ஜன்னலோரத்து லேபிள் மேஜையில் உட்கார்ந்தபடி. பட்டியலில் இல்லாதவர்களுக்கு வெட்டு இயந்திரப் பிரிவு. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். காதில் பஞ்சு அடைத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பின் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மாலை ஆறு வரை வேலை. மூன்றரைக்கு மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது அவர் பொறுப்பு. பள்ளிக்கூடம் மைதானத்துக்குப் பின்தெருவில்தான். பயிற்சி ஆரம்பிக்கும் முன் ஓடிப்போய்க் கூட்டிவந்து, வேலியோரம் உட்காரவைத்துவிட்டு ஆடுவார். பட்டியலில் பெயர் இருக்கிற வரைக்கும் இது நடக்கும். அந்த வருஷம் அவருக்கு முப்பத்துமூன்று வயது. வருஷக் கடைசியில் புதுப் பட்டியல் ஒட்டுவார்கள்.

அந்த வருஷம் புதுக் கோச் வந்தார். சுண்ணாம்பைவிட நான்கு வயது சின்னவர். எல்லோரையும் "ப்ரதர்" என்பார். முதல் நாளே மைதானத்தின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"ப்ரதர், ரெண்டு பக்கமும் மூணு மூணு தப்படி உள்ள தள்ளிக் கோடு போடுங்க."

"அளவு சரியாத்தானே சார் இருக்கு?"

"சின்னதாக்கினாலும் சட்டம் ஒத்துக்கும். எதிராளிகிட்ட பந்து போனதும் நம்மாளுங்க சுத்தி வளைக்கணும். இடம் கம்மியா இருந்தா வேலை சுலபம். ஓரத்துல யார் நிக்கப்போறாங்க இனிமே?"

கோச் சுண்ணாம்பின் தோளில் கைபோட்டு விளக்கினார். கெட்ட மனிதர் இல்லை. விங்கர் என்று ஒருவனைக் கோட்டோரம் நட்டுவைப்பது ஓர் ஆளை வீணடிப்பது. இனி ஓரமாக மேலே ஓடி வருவது பின்னால் நின்று தடுத்து ஆடுகிற பேக். வலது காலால் அடிக்கிறவன் இடது பக்கம் ஆடுவான், இடது காலால் அடிக்கிறவன் வலது பக்கம். பந்து கிடைத்ததும் உள்ளே வெட்டி வந்து, நல்ல காலால் நேரே கோலுக்கு அடிக்க வேண்டியதுதான்.

"கிராஸ் அடிக்கிறதே சூதாட்டம் ப்ரதர். உங்க காலு நல்ல காலு. அதை ஏன் தூரத்துல வெச்சிருக்கீங்க?"

சொன்னதில் தப்பில்லை. அதுதான் சங்கடம். தப்பாக இருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

சனிக்கிழமை காலை சுண்ணாம்பு புதிய கோட்டைப் போட்டார். முளை, கயிறு, வண்டி எல்லாம் பழையவைதான். இரண்டு பக்கமும் வெளியே மூன்று தப்படி தள்ளிப் பழைய கோடு தெரிந்தது. வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு விழுந்து விழுந்து அங்கே புல் கருகிப்போய், ஒரு சாண் அகலத்துக்கு வெறும் தரை ஓடியது. அதை மறைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவரும் மறைக்கவில்லை.

அன்று அவர் இடது பக்கம் ஆடினார். இருபது நிமிஷம் வரை சொன்னதைச் செய்தார். உள்ளே வந்தார், கொடுத்தார், வாங்கினார். பிறகு நீளமாக ஒரு பந்து ஓரத்துக்கு வந்தது. அவருக்கு முன்னால் யாரும் இல்லை. பந்தை இழுத்துக்கொண்டு ஓடினார். கால் தன்பாட்டுக்குப் போய் அந்த வெறும் தரையைப் பிடித்துக்கொண்டது. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். நடுவர் விசில் அடித்தார். இருபத்தோரு பேரும் நின்றுவிட்டார்கள். சுண்ணாம்பு மட்டும் மைதானத்துக்கு வெளியே, தான் அன்று காலையில் போட்ட கோட்டுக்கு மூன்று தப்படி அப்பால், முப்பது கஜம் ஓடிப்போய், பந்தை வலது காலுக்கு மாற்றித் தூக்கி அடித்தார்.

பந்து வளைந்து போய் ஏணியின் நெற்றி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. ஏணி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். அது அவர் தலையில் பட்டு, அவர் எதுவும் செய்யாமலே, கோலுக்குள் போய் விழுந்தது.

வேலியோரம் கொல்லென்று சிரித்தது. ஒரு குரல் கேட்டது: "யோவ் சுண்ணாம்பு, அப்படியே நேரா வீட்டுக்குப் போயிடு!"

லைன்ஸ்மேன் பக்கத்தில் வந்து, "அண்ணே, கோடு இங்க இருக்கு" என்று கொடிக்கம்பால் தொட்டுக் காட்டினார்.

"தெரியும். நான்தான் போட்டேன்" என்றார் சுண்ணாம்பு.

ஒருவரைப் பல நாள் கேலி செய்ய இது போதும். செய்தார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடக்கிக்கொண்டார் என்று சிலர் நினைத்தார்கள். அடக்குவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே. மரத்துப்போன காலை ஊன்றி நிற்கிறவர் போல இருந்தார். நிற்கிறோம் என்று தெரியும், தரை தெரியாது.

அடுத்த மாதம் ஏணியை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிராஸ் வராத இடத்தில் தலைக்கு என்ன வேலை? வெட்டு இயந்திரப் பிரிவுக்கு மாற்றினார்கள். சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

"தலைக்கு இப்ப ஒரே வேலைதான்டா. ஹெல்மெட் மாட்டுறது" என்றார் ஏணி.

"சத்தம் ஜாஸ்தியா?"

"என்னா?"

"சத்தம்."

"ஆங், அதெல்லாம் பழகிடும்." காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "நீ ஏன்டா மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்க? இருக்கிற இடத்தை விட்டுடாத. புள்ளையைப் பாரு. உள்ள வந்து ஆடச் சொன்னா உள்ள வந்து ஆடு. எங்க ஆடுனா என்ன, பந்துதானே?"

"பந்துதான்" என்றார் சுண்ணாம்பு.

ஆடினார். அதில்தான் வேடிக்கை. கோச் கணக்குப் பலித்தது. உள்ளே வெட்டி வந்து அடிக்க அடிக்க, பன்னிரண்டு வருஷத்தில் மொத்தம் பதினொரு கோல் போட்டிருந்தவர், மூன்றே மாதத்தில் ஒன்பது போட்டார். அவருக்குப் பின்னால் ஓரத்தில் ஓடிய பேக்குக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜின் மாதிரி மேலும் கீழும் ஓடுவான். "அண்ணே, நீங்க உள்ள போயிடுறீங்க, எனக்கு ரோடே காலியா கிடைக்குது" என்று சந்தோஷப்பட்டான். அவன் பூட்ஸ் வெளுக்க ஆரம்பித்தது.

வருஷத்தின் கடைசி ஆட்டத்தில் சுண்ணாம்பு இரண்டு கோல் போட்டார். இரண்டாவதில்தான் வெற்றி. ஆட்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். மேலேயிருந்து அவருக்கு மைதானம் முழுவதும் தெரிந்தது. பழைய கோட்டில் அங்கங்கே புல் முளைத்துவிட்டிருந்தது. இறக்கிவிட்டதும் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு வண்டியைக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் பூட்ஸைக் கழுவ உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் வந்து குந்தினாள். ஒன்பது வயது. பிரஷைப் பிடித்துத் தருவது அவள் வேலை. வலது பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள்.

"இப்பல்லாம் மேட்ச்ல நீ ஆடுறதில்லையாப்பா?"

"ஆடுறேனே. இன்னைக்கு ரெண்டு கோலு."

"அப்புறம் ஏன் வெள்ளையா இல்ல?"

அவர் பூட்ஸை வாங்கிப் பார்த்தார். சேறுதான் இருந்தது. கழுவினார்.

மனைவி வாசலில் நின்று, "ரெண்டு கோல் போட்டிருக்கீங்க, எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க" என்றாள். "சந்தோஷமா இல்லையா?"

"தெரியல" என்றார். யோசித்துத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. பதினைந்து பெயரில் அவருடையதுதான் முதலில். கோச் கையைக் குலுக்கி, "இன்னும் மூணு வருஷம் உங்களை யாரும் அசைக்க முடியாது ப்ரதர்" என்றார். சுண்ணாம்பு தலையாட்டினார். லேபிள் மேஜையில் காலை வேலையை முடித்தார். மேஜையைத் துடைத்தார். மாடியேறி ஊழியர் பிரிவுக்குப் போய், வெட்டு இயந்திரப் பிரிவுக்கு மாற்றம் கேட்கிற படிவம் வாங்கினார்.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "உங்க பேரு மேல இருக்கே, பார்க்கலையா?"

"பார்த்தேன் சார்."

"கோச்சோட ஏதாவது தகராறா?"

"இல்ல சார். நல்ல மனுஷன்."

"அங்க எட்டு மணி நேரம் நிக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா காலை ஆறு மணி ஷிஃப்ட் குடுங்க சார். ரெண்டு மணிக்கு விட்டுருவாங்கல்ல? மூணரைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வரணும்."

அதை மட்டும் தெளிவாக விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தார். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அதை அப்படியே விட்டுக் கொடுத்தார். எழுத்தர் கட்டத்தின் மேல் பேனாவால் தட்டிக் காட்டினார். சுண்ணாம்பு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். எழுத்தர் தானே 'சொந்தக் காரணம்' என்று எழுதி, முத்திரை குத்தினார்.

அதற்குப் பிறகு, ஏன் இப்படிச் செய்தார் என்று கோச் கேட்டிருக்கிறார். மனைவி பல தடவை கேட்டாள். ஏணி இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திக் கேட்டார். சுண்ணாம்பு ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்துக் கேட்டுக்கொள்வார். மறுபடி அடைத்துக்கொள்வார்.