இருபது ஏக்கரும் மூன்று மாவும்

தை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குத் தஞ்சாவூர் பஸ் நிலையத்தில் இறங்கினேன். புதுக்கோட்டையிலிருந்து ஐம்பத்தேழு கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய். மகள் மல்லிகாவுக்குத் தரகர் சொன்ன வரனின் வீட்டைப் பார்க்க வந்தவன், ஊரைப் பார்த்தே வயிறெரிந்து போனேன்.

பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. கீழ வீதிப் பக்கம் திரும்பினால், எதிரே ஒரு சைக்கிள் வந்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். 'உழுபவனுக்கே நிலம்' என்று எழுதியிருந்த மதில் மட்டும் எங்கள் ஊர்த் தெரு நீளம் இருக்கும். உள்ளே ஒரு மிராசுதார் வீடு. கடையில் கத்தரிக்காய்கூட எங்கள் ஊர்க் காயைவிட இரண்டு பங்கு பெரிது. எல்லாம் காவிரித் தண்ணீர் செய்கிற வேலை.

கரந்தையில் மாப்பிள்ளை வீடு, இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். அதில் ஏழு பேர். இவ்வளவுதானா என்று மனம் கொஞ்சம் குளிர்ந்தது.

மாப்பிள்ளையின் அப்பா மாரிமுத்து, வடவாற்றங்கரையில் தங்கள் வயலைக் காட்டினார். நில உச்சவரம்புச் சட்டத்தில், மிராசுதாரோடு மல்லுக்கட்டி வாங்கிய மூன்று மா, அதாவது ஒரே ஒரு ஏக்கர். கதிர்கள் தலை சாய்ந்து கிடந்தன.

"குறுவை அறுத்தாச்சுங்க. இது தாளடி, ரெண்டாம் போகம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா இருந்திருக்கலாம். "எனக்கு இருபது ஏக்கர்" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது.

"இருபதா? தரகர் சொல்லலீங்களே! ஒரு மிராசுதார்கிட்ட நாங்க பட்டதே போதும்ங்க. பெரிய எடத்துப் பொண்ணு நமக்கு வேணாம். மன்னிச்சுக்குங்க."

மல்லிகாவுக்கு இது நான்காவது வரன். இதையும் என் வாயே கெடுத்துவிட்டது என்று பதறிப் போனேன்.

"பெரிய எடமெல்லாம் இல்லீங்க. அத்தனையும் வானம் பார்த்த பூமி. மழை பெஞ்சா வரகு, இல்லாட்டி கருவேல முள்ளு. அரிசியக் கடையிலதான் வாங்குறோம். உங்க மூணு மாவப் பார்த்து, பொறாமையில சொல்லிப்புட்டேன்."

 மாரிமுத்து வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப வீட்டுக்கு வந்து கை நனைச்சுட்டுப் போங்க, சம்பந்தி."

சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. நான் உட்கார்ந்தேன். இலையில் அந்த வயலின் குறுவை அரிசிச் சோறு, ஆவி பறக்க விழுந்தது. இனி இந்தச் சோற்றை மல்லிகா தினமும் சாப்பிடுவாள் என்று நினைத்தபோது சந்தோஷத்தில் கண் கலங்கியது. கூடவே, பெற்ற மகள்மீதே எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.