எட்டு எண்ணி முடிக்கும் வரை

சாக்ஸபோன் நால்வர் குழு என்று சொன்னால் ஓசூர்ப் பக்கம் வரும் முதல் கேள்வி, "மீதிப் பேரு எங்க?" என்பதுதான். தவில் எங்கே, தாளம் எங்கே, பாடுகிற பொண்ணு எங்கே என்று வேனுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். என்னைப் போல ஏதாவது ஒரு வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் அன்பர்களே, உங்களுக்குத் தெரியாததா?

நாங்கள் நாலே பேர், நாலும் சாக்ஸபோன். கோயில் விசேஷங்களில் வாசிக்கும் கன்னடக் குடும்பத்துப் பையன் நாகராஜ் சின்னதை ஊதுவான். கிருஷ்ணகிரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜாவித் பாய்க்கு நடுத்தரம். தூத்துக்குடியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த ஜான்சியிடம் இருப்பதிலேயே பெரியது. டவுன் பஸ்ஸில் அதற்குத் தனி சீட் வேண்டும். கியர் கம்பெனியில் ஃபிட்டரான எனக்கு, சின்னதுக்கு அடுத்தது.

ஜான்சி எங்களுக்காகவே பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு உருப்படி எழுதினாள். பெயர் 'ஷிப்டு மாத்தம்'. நாலு வாத்தியமும் மெஷின் மாதிரி ஓடி ஓடி, ஒன்பதாவது நிமிஷத்தில் சட்டென்று நிற்கும். எட்டு எண்ணும் வரை மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அப்புறம் ஒரே ஒரு மெஷின் மெதுவாகக் கிளம்பும். அந்த மெஷின் நான்தான். இதை ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் முழுசாக வாசித்துவிட வேண்டும் என்று ரெண்டு வருஷமாகத் தவியாய்த் தவித்தோம். அந்த எட்டைத்தான் ஊரில் ஒருத்தரும் எங்களுக்குக் கொடுக்கவில்லை.

பர்கூரில் முதல் பந்தி

பர்கூரில் கிரானைட் வியாபாரி வீட்டுக் கல்யாண வரவேற்பு. கூட்டம் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் என்ன, வாசிப்போம் என்று 'ஷிப்டு மாத்தம்' ஆரம்பித்தோம். ஒன்பதாவது நிமிஷம் வந்தது, நிறுத்தினோம். ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே மைக் வைத்திருந்தவர் குதித்தெழுந்து, "வாசிச்சு முடிச்சவங்களுக்கு நன்றி, முதல் பந்திக்கு இலை போட்டாச்சு!" என்று அறிவித்துவிட்டார். ஐந்து எண்ணுவதற்குள் மண்டபமே காலி. மாப்பிள்ளைகூடப் பந்திப் பக்கம் எட்டிப் பார்த்துக் கொட்டாவி விட்டார்.

எங்களுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பெண்ணின் தாய்மாமன் மட்டும் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாடா, ஒரு ரசிகராவது இருக்கிறாரே என்று குளிர்ந்துபோனேன். அவர் சொன்னார்: "கரெக்டான நேரத்துல நிறுத்துனீங்க தம்பி, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரசம் ஆறிப்போயிருக்கும்."

உத்தனப்பள்ளியில் மோட்டார்

அடுத்தது உத்தனப்பள்ளியில் ஒரு விவசாயி வீட்டுக் கிரகப்பிரவேசம். இந்தத் தடவை உஷாராக, ஜாவித் பாய் முன்கூட்டியே கையெடுத்துக் கும்பிட்டு விளக்கினார். "நடுவுல நாங்க நிறுத்துவோம். முடிஞ்சுபோச்சுன்னு நெனைச்சுக்காதீங்க, கொஞ்சம் சும்மா இருங்க." எல்லாரும் பெருமாள் மாடு மாதிரித் தலையாட்டினார்கள்.

நிறுத்தினோம். அடேயப்பா, என்ன அமைதி! மூணு எண்ணியிருப்பேன். வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் திரும்பினார். நாலில் எழுந்தார். ஐந்தில் "ஐயோ!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட, பின்னால் பங்காளிகள் ஓட, அவர்களுக்குப் பின்னால் விருந்தாளிகள் ஓட, கடைசியில் நாகராஜும் வாத்தியத்தோடு ஓடினான். ஏன் ஓடினாய் என்று கேட்டால், எல்லாரும் ஓடினார்களே என்கிறான். தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த போர் மோட்டார் நின்றுபோயிருந்ததாம். அரை மணி கழித்து வீட்டுக்காரர் கையெல்லாம் கிரீஸோடு வந்து உருகிப்போய்ச் சொன்னார்: "நீங்க மட்டும் அந்த எடத்துல நிறுத்தலீன்னா, மோட்டாரு நின்னதே எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்க!"

கிருஷ்ணகிரியில் நான்

இதற்கிடையில் ஜான்சிக்குப் புனேவுக்கு மாற்றல் வந்துவிட்டது. மாசக் கடைசியில் கிளம்ப வேண்டும். "ஒரு தடவ முழுசா வாசிச்சிட்டுப் போயிட்டேன்னா போதும்ணே, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அவள் எங்கேயும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி விழாவில் கெஞ்சிக் கூத்தாடி இடம் பிடித்தோம்.

ஒத்திகையில் ஜான்சி காலைத் தட்டி எனக்கு எண்ணிக் கொடுப்பாள். மேடையில் அந்தச் சத்தமும் ஆகாது, நானாகத்தான் எண்ண வேண்டும். நிறுத்தினோம். நம்பமாட்டீர்கள், அத்தனை பிள்ளைகளும் கப்சிப். ஒரு இருமல் இல்லை, ஒரு செல்போன் இல்லை. ரெண்டு வருஷமாக ஏங்கிய அமைதி கிடைத்ததும் எனக்கு உதறல் எடுத்துவிட்டது. பாவி நான், ஏழிலேயே ஊதித் தொலைத்தேன். தங்கள் கணக்குதான் தப்போ என்று மற்ற மூணு பேரும் ஆளுக்கொரு இடத்தில் நுழைய, ஷிப்டு மாறவில்லை, பாக்டரியே இடிந்து விழுந்தது. பிள்ளைகள் என்னவோ நன்றாகத்தான் கைதட்டினார்கள். வேன் சூளகிரி தாண்டும்போது ஜான்சி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்: "ஊர்க்காரங்கள எதுக்குண்ணே ரெண்டு வருசமா திட்டுனோம்?"

மத்திகிரியில் கடைசி ஞாயிறு

சாயங்காலம் ஜான்சிக்கு ரயில். மேடை எதுவும் மிச்சமில்லை. மத்திகிரியில் நான் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலிலேயே காலையில் வாசித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் ஒத்திகையால் ரெண்டு வருஷமாகத் தூக்கம் கெட்ட ஏழு குடும்பத்தையும் கூப்பிட்டேன். சபிப்பார்கள் என்று நினைத்தால், ஆளுக்கொரு சேரோடு வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் பக்கத்து வீட்டு ரத்னம்மா. ரோஜாப் பண்ணையில் பூவை இருபது இருபதாக எண்ணிக் கட்டுகிற வேலை. வீட்டில் பேசுவது தெலுங்கு, என்னைத் திட்டுவது மட்டும் தமிழில்.

ஒன்பதாவது நிமிஷம் நிறுத்தினோம். ஒருத்தரும் அசையவில்லை. ஐந்து, ஆறு, மூச்சை இழுத்து வாத்தியத்தை வாயருகே கொண்டுபோய்விட்டேன். ரத்னம்மா டிராபிக் போலீஸ் மாதிரி என் முகத்துக்கு நேரே கையைக் காட்டி நிறுத்தினாள். அப்படியே உறைந்துபோனேன். அவள் ஒரு விரலை மடக்கி, "ம்" என்று தலையாட்டினாள். ஊதினேன். சரியாக எட்டு. நாகராஜ் வந்தான், பாய் வந்தார், ஜான்சி வந்தாள். பன்னிரண்டு நிமிஷமும் வாசித்து முடித்தோம். ஜான்சி வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். நானும் அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? ரத்னம்மாதான் சேரை மடக்கிக்கொண்டே சொன்னாள்: "வாரம் பூரா நீ தனியா வாசிக்கிறப்ப செவுத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து நானும்தான் எண்ணிட்டு இருக்கேன், ஒரு நாளாவது எட்டு வரைக்கும் இருந்திருக்கியாப்பா?"

ஆக, ரெண்டு வருஷம் ஊதி நாங்கள் ஒரே ஒரு தடவை முழுசாக வாசித்தோம், அதுவும் நான் ஊதியதால் அல்ல, ஒரு பூக்காரம்மா என்னை ஊதவிடாமல் தடுத்ததால்.