ரோஸ்டாக்கில் ஒரு மொட்டைமாடிக் கதவு

சென்ற ஆகஸ்டில் மூன்று நாள் ரோஸ்டாக் போய் வந்தேன். டார்ம்ஸ்டாட்டில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் ஜெர்மனிக்கு வந்த வியட்நாமியர்களின் வரலாறு, பண்பாடு பற்றி ஒரு வகுப்பு உண்டு. மூன்று கிரெடிட் கிடைக்கும் என்றுதான் சேர்ந்தேன், பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. ஒன்பது மாணவர்களின் பயணத்தைத் திட்டமிட்டவள் எங்களோடு படிக்கும் மாய். கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தபோது அவளுடைய அம்மா ஒப்பந்தத் தொழிலாளியாக வியட்நாமிலிருந்து ரோஸ்டாக் துறைமுகத்துக்கு வந்தவர்.

ஹம்பர்க் வரை விரைவு ரயில். முன்கூட்டியே எடுத்ததால் 29.90 யூரோ. அங்கிருந்து ரோஸ்டாக்குக்கு ரீஜனல் ரயிலில் இரண்டரை மணி நேரம், மாணவர்களுக்குத் தரும் செமஸ்டர் டிக்கெட் போதும். வழியில் ஷ்வேரினில் கால்பந்து ரசிகர்கள் கழுத்தில் ஒரே நிறத் துண்டும் கையில் பீர் பாட்டிலுமாக ஏறினார்கள். பெட்டியிலேயே கறுத்த தோல் எங்கள் இருவருக்குத்தான்: எனக்கும் தர்ஷிகாவுக்கும். அவள் ஜெர்மனியிலேயே எசன் நகரத்துக்காரி, பெற்றோர் யாழ்ப்பாணம்.

"அண்ணை, அவையைப் பாக்காதேங்கோ. போனைப் பாருங்கோ."

"நீ இங்கயே பொறந்தவ. உனக்கென்ன பயம்?"

"பிறந்த ஊர் முகத்தில எழுதிக் கிடக்கோ?"

அதன் பிறகு ரோஸ்டாக் வரும்வரை நாங்கள் தமிழில் பேசவில்லை.

தங்கிய விடுதி ஐந்து மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், ஆளுக்கு ஓர் இரவு 27 யூரோ. மாய் பையை வாசலில் போட்டுவிட்டு, அறையைக்கூடப் பார்க்காமல் படியேறி மேலே போனாள். மொட்டைமாடியில் துணி காயப்போடப் போகிறாளா என்று நான் கேட்க, தர்ஷிகா சிரித்தாள். மாய் இறங்கி வந்து, கதவு பூட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மதியம் ஒரு வியட்நாமியக் கடையில் அரிசி நூடுல்ஸ் சூப், 9.50 யூரோ. மல்லித்தழையும் எலுமிச்சையும் போட்டு நம் நாக்குக்கு ஒத்துவரும். ஒப்பந்தத்தில் வந்த பெண்கள் கர்ப்பமானால் ஒன்று கலைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று விதி இருந்ததாம். மாய் அதைச் சொன்னபோது சூப் எனக்குப் பாதியிலேயே போதுமென்றாகிவிட்டது. உழைக்கும் கை மட்டும் வேண்டும், அதோடு வரும் மனுஷி வேண்டாம்.

அங்கிருந்து ரோஸ்டாக்கின் புறநகரான லிக்டன்ஹாகன் போனோம். நகர ரயிலில் கால் மணி நேரம், பிறகு பத்து நிமிட நடை. பதினொரு மாடிக் குடியிருப்பு, பக்கச் சுவரில் பெரிய சூரியகாந்திப் பூக்கள். 1992 ஆகஸ்டில் இந்த வீட்டைத்தான் வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்று கத்திய கும்பல் கொளுத்தியது. போலீஸ் விலகிக்கொண்டது. சுற்றி நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் கைதட்டினார்கள். உள்ளே நூறு வியட்நாமியர்களுக்கு மேல் இருந்தார்கள், மாயின் அம்மாவும். தீ கீழே, மிச்சமிருந்த வழி கூரை மட்டும். அந்தக் கதவு பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து, கூரை வழியாகப் பக்கத்து வாசல் படிகளுக்குப் போய்த் தப்பினார்கள். அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டாராம். ஆனால் எந்த வீட்டுக்கு வாடகைக்குப் போனாலும் முதலில் கூரைக் கதவைத் தள்ளிப் பார்ப்பாராம்.

மாய் சொல்லி முடிப்பதற்குள், ஒரு பால்கனியிலிருந்து ஒருவர் எங்களைப் போனில் படமெடுக்கத் தொடங்கினார். நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தார். எதற்கு, யாருக்கு அனுப்ப? கிளம்பிவிட்டோம்.

மாலை விடுதிக்குக் கீழே, ரயிலில் பார்த்த அதே நிறத் துண்டுகளோடு ஒரு கூட்டம். ஒரு பாட்டில் உடைந்தது. ஒருவன் எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கத்தியதை இங்கே எழுத விருப்பமில்லை. மொட்டைமாடிக் கதவுச் சாவி இல்லாமல் அங்கே தூங்க முடியாது என்றாள் மாய். தனியாக ரயில் நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கப் போவதாகச் சொல்லிப் பையை எடுத்துவிட்டாள். விடுதிக்காரம்மாவை வரவழைத்தோம். இந்த ஊரில் ஒன்றும் நடக்காது என்றார் அவர்.

"நடக்காதுன்னா, சாவி எங்ககிட்ட இருக்கிறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று ஜெர்மனில் கேட்டாள் மாய்.

கொடுத்துவிட்டுப் போனார். சாவி நுழைந்தது, திரும்பவில்லை. எத்தனை வருடத் துருவோ. கீழே பாட்டு உரத்துக்கொண்டிருந்தது. மாயின் விரல் நுனிகள் வெளுத்துவிட்டன.

"அண்ணை, உங்கட தலைக்கு வைக்கிற எண்ணெய் எங்க?"

ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தேன். பூட்டுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தோம். நாலாவது முயற்சியில் திரும்பியது. வெளியே தார்க்கூரை, கடற்காற்று, இரண்டு கடற்பறவைகள். பக்கத்துக் கட்டடத்தின் கூரை ஓரடி தூரத்தில் இருந்தது. அதன் கதவில் வெளிப்பக்கமாகவே ஒரு தடித்த பூட்டு. மாய் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணு திறந்தாச்சு," என்றாள்.

சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: அந்தக் குடியிருப்பில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள், ஜன்னல்களைப் படமெடுக்காதீர்கள். ஆட்டம் உள்ள நாட்களைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள். அறை பதியும்போதே மேல்கதவுச் சாவியைக் கேளுங்கள்; சிரித்தால் சிரிக்கட்டும்.

டார்ம்ஸ்டாட் திரும்பியதும் என் விடுதியின் ஏழு மாடியும் ஏறிப் பார்த்தேன். பூட்டு. நம் ஊரில் எந்த மொட்டைமாடியை யார் பூட்டி வைத்தார்கள்? பராமரிப்பாளரிடம் போய்ச் சாவி கேட்டேன். எதற்கு என்றார். உண்மையான காரணம் வாய்வரை வந்தது. துணி காயப்போட என்றேன்.

கீழ்த்தளத்தில் டிரையர் இருக்கிறதே என்றார். ஒரு முறைக்கு இரண்டு யூரோ.