பொன்னாயி பங்கு வைத்த மாத்திரை

பொன்னாயிக்குப் பங்கு வைக்காமல் எதையும் விழுங்கத் தெரியாது. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்தபோது அரை ரொட்டியையும் நாலாகப் பிய்த்தவள். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியேறிய பிறகும் அப்படித்தான். தோட்டத் தொழிற்சங்கத் தலைவனாகக் கூட்டங்களில் அதை மெச்சி நானே பேசியிருக்கிறேன். அதுதான் வினையாக வந்தது.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்திருந்தது. இப்போது கடைவாய்ப் பல் சொத்தை. ஊட்டி பல் டாக்டர் நாலு பென்சிலின் மாத்திரை கொடுத்து, பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நாலையும் சேர்த்துப் போடச் சொல்லியிருந்தார்.

குறித்த நாளில் நான் துணைக்குப் போனேன். அவள் கன்னம் பணியாரமாக வீங்கியிருந்தது.

"நாலும் போட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒன்னு போட்டேங்கய்யா."

"மீதி?"

"பழனியாண்டி அண்ணனுக்கு முழங்கால் வலி. தெய்வம்மாக்காவுக்குத் தலையிடி."

"அப்ப இன்னொன்னு?"

அவள் தலை குனிந்தாள். "கோழி தூங்கித் தூங்கி விழுந்துச்சுங்க."

டாக்டர் பல் பிடுங்கும் இடுக்கியைத் தட்டில் போட்டார். "ஏனுங்க, உங்க கோழிக்கும் வால்வு கெட்டிருக்குதுங்களா? இன்னைக்குப் பல்லுப் புடுங்க முடியாதுங்க."

நான் எழுந்தேன். "வலியில துடிக்கிற தொழிலாளியைத் திருப்பி அனுப்புறது அநியாயம்!"

"கத்தாதீங்க. பல்லைப் புடுங்குனா வாய்க் கிருமி ரத்தத்துல ஏறும். கெட்ட வால்வுல போயி ஒட்டிக்கிச்சுன்னா ஆளு பொழைக்கறதே கஷ்டமுங்க. அதைத் தடுக்கத்தான் நாலு. ஒன்னு பத்தாது."

உட்கார்ந்தேன்.

டாக்டர் தன் அலமாரியிலிருந்து வேறு நாலு எடுத்துக் கொடுத்தார். பொன்னாயி என்னைப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்கும் ஈறு வீங்கியிருக்குன்னீங்களே. ஒன்னு..."

"முழுங்கு!" இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

விழுங்கினாள். கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பிறகு பல் வந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாகப் போட இன்னும் எட்டு மாத்திரையும் வந்தது.

மாலையில் லயத்து முற்றத்தில் கூட்டம் போட்டேன். "இந்த எட்டும் பொன்னாயிக்கு மட்டும். யாரும் கை நீட்டக் கூடாது!"

"போன வாரம் வரைக்கும் எல்லாத்துக்கும் சமபங்குன்னீங்க?" என்றார் பழனியாண்டி.

"மாத்திரைக்குக் கிடையாது."

முனகலோடு தீர்மானம் நிறைவேறியது.

காய்ச்சல் வந்தால் உடனே கூட்டி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு மாதம் தினமும் அவள் வாசலில் நின்று விசாரித்தேன். காய்ச்சல் வரவில்லை. மறு ஞாயிறு அந்தக் கோழியை அடித்துக் குழம்பு வைத்து, லயத்தின் எட்டு வீட்டுக்கும் பங்கு அனுப்பினாள். எனக்குக் கழுத்துத் துண்டு.