டீச்சர் வீட்டுச் சுவரில் இருந்த நீலக்கோடு

பக்கத்து வீட்டு டீச்சரின் சமையலறைச் சன்னலுக்குக் கீழே, வெளிச்சுவரில், ஒரு நீலக்கோடு இருந்தது. நீலப்பொடியில் தோய்த்த நூலைச் சுவரோடு இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டால் விழுமே, அந்தக் கோடு. பதினோரு வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டை இடித்துக் கட்டியபோது மேஸ்திரி அடித்தது. அதற்குப் பிறகு டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வெள்ளையடித்தார். இரண்டு முறையும் அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொன்னார். "சாரல் படுத சுவரு, அடிச்சாலும் நிக்காது" என்று காரணமும் சொன்னார். நான் நம்பவில்லை. என்னைக் குத்திக்காட்டத்தான் விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். குத்திக்காட்ட அவருக்கு நியாயமும் இருந்தது. போன மாதம் அந்தச் சுவரை இடித்தார்கள்.

ராஜபாளையத்தில் யாராவது பழைய வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றால், எங்கள் தெருவில் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. நான் இன்ஜினியர் இல்லை. பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் அலுவலக வேலை. கணவர் அப்போது ராணுவத்தில் இருந்தார், வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். அதனால் வானம் தோண்டியதிலிருந்து பால் காய்ச்சியது வரை நானே ஒற்றை ஆளாக நின்று பார்க்க வேண்டியதாயிற்று. வருகிறவர்கள் எந்த சிமெண்டு, எந்தக் கம்பி, டைல்ஸ் மதுரையில் வாங்கலாமா என்று கேட்பார்கள். எங்கள் வாசற்படி ஏன் ஒரு பக்கம் வெட்டுப்பட்டுக் கோணலாக நிற்கிறது என்றும் கேட்பார்கள். சிமெண்டைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. படியைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் டீச்சர் வீட்டுக்கும் நடுவில் ஒரு முடுக்கு உண்டு. ஒரு ஆள் நேராகப் போகலாம், எதிரே இன்னொருவர் வந்தால் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவு அகலம்தான். இரண்டு வீட்டுக் கொல்லைப்புறத்து மழைத்தண்ணீரும் அதன் வழியாகத்தான் தெருவுக்கு வரும். தெருவுக்குத் திரும்பத் திரும்ப ரோடு போட்டதில் இரண்டு வீடுகளுமே பள்ளத்துக்குப் போயிருந்தன. ஆனாலும் அந்த முடுக்கு இருந்ததால் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததில்லை.

டீச்சர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, எட்டிப் பார்த்தால் போதும், "ராம்மா, ராம்மா" என்று உள்ளே கூப்பிட்டுவிடுவார். கணவர் இறந்து, மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் கரும்பலகையில் எழுதுவது போலத்தான் பால் கார்டில்கூட எழுதுவார், ஒவ்வொரு எழுத்தும் அச்சு. நாங்கள் வீடு கட்டப் போவதைச் சொல்லப் போனபோது சந்தோஷப்பட்டு, கட்டட வேலை முடிகிற வரைக்கும் தன் வீட்டுத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "முடுக்கு மட்டும் இருந்த மாதிரியே இருக்கட்டும்மா. மத்தபடி நீ எம்புட்டு ஒசரம் வேணாலும் கெட்டிக்கோ." நான் சரி டீச்சர் என்றேன். வாய் நிறையச் சொன்னேன்.

மேஸ்திரி தேவதானத்துக்காரர். பழைய வீட்டை இடிக்கும் முன்பு, புதுத் தரை எவ்வளவு உயரம் என்று ஒரு நிலையான இடத்தில் குறித்துவைக்க வேண்டும் என்றார். எங்கள் சுவரெல்லாம் இடிபடப் போகிறது, அதனால் டீச்சர் வீட்டுச் சுவரைத் தேர்ந்தெடுத்தார். ஃபோனில் என் கணவரைக் கேட்டோம். "ரோட்டுக்கு மேல மூணடி தூக்கிரச் சொல்லு. இனி எத்தன ரோடு போட்டாலும் நம்ம வீடு தாழக் கூடாது" என்றார். மேஸ்திரி தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூபின் ஒரு முனையைத் தெருவில் பிடித்து, மறு முனையை டீச்சரின் சுவரில் வைத்தார். டியூபில் தண்ணீர் அடங்கி நின்ற இடம் அவருடைய சன்னல் கட்டைக்குச் சற்றுக் கீழே இருந்தது. அதாவது எங்கள் தரை அவருடைய சன்னல் உயரத்துக்கு வரப் போகிறது. நூலைச் சுண்டினார். உள்ளே அடுப்பில் நின்றிருந்த டீச்சர் எட்டிப் பார்த்து, "நல்லா ஒசரம்தான்" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் நான் கோட்டைவிட்டேன். இடித்த செங்கலும் காரையும் மலையாகக் குவிந்தது. தரைக்கு அடியில் பேஸ்மட்டத்துக்குள் போட்டது போக மிச்சத்தை லாரி வந்து அள்ளும் என்று பேச்சு. லாரி வரவில்லை. ஆட்கள் முடுக்கில் கொட்டினார்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பார்த்தேன். "அப்புறம் அள்ளிருவோம்க்கா" என்றார் மேஸ்திரி. அந்த அப்புறம் வரவே இல்லை. குவியலின் மேலேயே கழிவுநீர்க் குழாய் போனது, குழாய் மேல் காங்கிரீட் விழுந்தது, காங்கிரீட் மேல் வாசற்படி ஏறியது. வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: இடிசல் எங்கே போகும் என்று முதல் நாளே பேசி ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். 'அப்புறம்' என்ற சொல்லை மேஸ்திரி சொன்னால், அந்த இடத்திலேயே நின்று, அது நடக்கிற வரைக்கும் நகராதீர்கள்.

ஐப்பசியில் பால் காய்ச்சினோம். விடியற்காலையில் மலைப் பக்கம் இருந்து இறங்கிய மழை, விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் சொன்னார்கள். பால் பொங்கியது. கணவர் லீவில் வந்திருந்தார். டீச்சர் கொஞ்சம் தாமதமாக வந்தார். ஒரு எவர்சில்வர் குடமும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், ஒவ்வொரு அறையாகப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். அவர் மாடிப்படி ஏறும்போதுதான் கவனித்தேன். பட்டுப்புடவை முழங்கால் வரைக்கும் நனைந்து, கரையில் சேறு ஒட்டியிருந்தது. தெருவில் அவ்வளவு தண்ணீர் இல்லை. நான் பந்தியை விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். சமையலறையில் முழங்கால் அளவு தண்ணீர். அரிசித் தூக்கு மிதந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து அந்தத் தண்ணீருக்குள் நின்று கட்டில் மேல் சாமான்களை ஏற்றிவைத்துவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, என் வீட்டில் வந்து பாயசம் குடித்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையில் பாதி, மாட்டிக்கொண்டோமே என்ற வெட்கம்.

மறுநாளே முடுக்கை உடைக்கலாம் என்றேன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு, பால் காய்ச்சிய வீட்டில் ஒரு வருடம் திரும்பும் வரைக்கும் கடப்பாரை படக் கூடாது. என் மாமியார் பிடித்த பிடியில் நின்றார். "ஏட்டி, லீவு முடிஞ்சா அவன் எல்லையில போயி நிக்கணும். அவன் வீட்ட நீ குத்துவியா?" என்று கேட்டபோது நானும் பயந்துவிட்டேன். விஷயம் காதுக்குப் போய், டீச்சரே வந்துவிட்டார். "ஒரு வருசம்தானம்மா, நான் பாத்துக்கிடுதேன். பட்டாளத்துல இருக்க பிள்ளைக்கு ஒண்ணு ஆகிறக் கூடாது" என்று மாமியாருக்குப் பரிந்து பேசிவிட்டுப் போனார். நான் ஒரு சின்ன மோட்டார் வாங்கினேன். மழை வந்தால் கம்பெனியில் சொல்லிவிட்டு வந்து அவர் வீட்டுத் தண்ணீரை இறைத்துத் தெருவில் விடுவேன். அதையே பெரிய பரிகாரம் போல நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் ஒரு மாலை மோட்டாரோடு நான் போவதற்குள் டீச்சர் வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு. அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பும்போது ஆட்டோவில் என் மடியில் இடது கையை வைத்து, "என் மககிட்ட தண்ணியச் சொல்லாத. பாத்ரூம்ல விழுந்தேன்னு சொல்லு. இல்லாட்டி வீட்டப் பூட்டிட்டு வரச் சொல்லிருவா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் படிக்கட்டுக்காக அந்த அம்மாள் தன் சொந்த வீட்டிலிருந்து கிளம்ப வேண்டி வரும். அவருக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான், அதையும் எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து கணவருக்கு ஃபோன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "அவிய கை எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். பிறகு, "ஒடச்சிரு. எனக்கு ஒண்ணும் ஆகாது. அம்மாட்ட நான் பேசுதேன்" என்றார். மறுநாள் காலை மேஸ்திரி வந்து, கடப்பாரையை எடுக்காமல் தயங்கினார். "வருசம் திரும்பலையேக்கா, என் கையால எப்பிடி?" அவரிடமிருந்து வாங்கி முதல் குத்தை நான் குத்தினேன். படி ஓரத்தில் சில்லு பெயர்ந்து விழுந்தது. இரண்டு நாளில் காங்கிரீட்டை வெட்டி, குழாயை மேலே தூக்கிக் கட்டி, இடிசலை அள்ளி, முடுக்கைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த மழையில் தண்ணீர் ஒழுங்காகத் தெருவுக்குப் போயிற்று. கணவர் சர்வீஸ் முடித்து நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தார். படி கோணலாகவே நின்றுவிட்டது.

டீச்சர் அதன்பின் எட்டு வருடம் அந்த வீட்டிலேயே இருந்தார். மணிக்கட்டு மட்டும் சரியாகக் கூடவில்லை. எழுத்து நடுங்க ஆரம்பித்தது, பால் கார்டில் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். என்னிடம் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நீலக்கோடுதான் எல்லாவற்றையும் சொல்வது போல இருக்கும். அதனால்தான் ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம், பிளாஸ்டரிங் பூசும் முன்பு வயர் போகிற சுவர்களை ஃபோட்டோ எடுத்து வையுங்கள், பாத்ரூம் தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பாருங்கள் என்றெல்லாம் சொல்வதற்கு முன்னால், பக்கத்து வீட்டுச் சமையலறையில் போய் ஒரு பத்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள் என்கிறேன். அங்கிருந்து பார்த்தால் உங்கள் வீடு எவ்வளவு உயரம் என்று தெரியும். சிலர் சிரிப்பார்கள். சிலர் போய் நின்றிருக்கிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு முழங்கால் முடியாமல் டீச்சர் மகள் வீட்டுக்குப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருவேன். போன மாதம் மகள் வந்தார். வீட்டை இடித்துக் கட்டப் போவதாகவும், அம்மாவுக்குக் கீழேயே எல்லா வசதியும் வைத்து இங்கேயே அழைத்து வந்துவிடப் போவதாகவும் சொன்னார். எங்கள் மேஸ்திரியையே பிடித்திருந்தார்கள். அவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. ரோடு இதற்குள் இன்னும் இரண்டு முறை ஏறியிருந்தது. எங்களை விட இரண்டடி தூக்கிக் கட்டினாலும் யாரும் கேட்க முடியாது. தூக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன்.

மகள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தார். "அம்மா மேஸ்திரிகிட்டக் குடுக்கச் சொன்னாவ." அவர் கண்ணாடி இல்லை என்று என்னிடம் நீட்டினார். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடந்தன. 'சுவரை இடிக்கும் முன் நீலக்கோட்டைக் குறித்துக்கொள்ளவும். அதுதான் நம் வீட்டு மட்டம். அதற்கு மேல் ஒரு விரற்கடையும் வேண்டாம். இதற்காகத்தான் வெள்ளையடிக்காமல் வைத்திருந்தேன். முடுக்கில் எதையும் கொட்டக் கூடாது.' சத்தமாக வாசிக்க ஆரம்பித்த நான் கடைசி வரிக்கு வரும்போது நிறுத்திவிட்டேன். மேஸ்திரி போய் டியூபை எடுத்து வந்தார்.

ஒரு முனையை டீச்சரின் சுவரில் கோட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மறு முனையை என் கையில் கொடுத்து எங்கள் சுவரில் வைக்கச் சொன்னார். "ஆட்டாமப் பிடிங்கக்கா" என்றார். இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் சற்று நேரம் ஏறி இறங்கி, பிறகு நின்றது. அவர் பென்சிலால் குறித்து, நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினார். மத்தியானத்துக்குள் டீச்சரின் சுவர் விழுந்துவிட்டது. கோடு இப்போது எங்கள் சுவரில் இருக்கிறது. வருகிற தைக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போது, அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்ல வேண்டும்.